சென்னையில் ஃப்ளூ ஊசியை எப்போது போட்டுக்கொள்வது?

ஆடி முடிந்து ஆவணி பிறக்கும்போதெல்லாம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஃப்ளூ ஊசியைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. புனேயில் இருக்கும் சித்தி, மழைக்கு முன்பே, மே மாதத்திலேயே போட்டிருக்க வேண்டும், இப்போது போட்டு என்ன பயன் என்பார். மெல்போர்னில் இருக்கும் பெரியப்பா மகள், ஏப்ரலில் போடுவதுதான் முறை என்பாள். நியூ ஜெர்சியில் இருக்கும் மாமா மகன், அக்டோபர் முடிவதற்குள் போட்டால் போதும் என்று சொல்லி, அமெரிக்க அரசின் இணையப் பக்கம் ஒன்றின் சுட்டியையும் சேர்த்து அனுப்புவான். மூவரும் விவரம் தெரிந்தவர்கள். மூவரும் சொல்வது அவரவர் ஊருக்கு முற்றிலும் சரி. நங்கநல்லூரில் இருக்கும் என் பெற்றோருக்கு எது சரி என்பதை மட்டும் நாங்கள் தனியாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது, நெடுநாள் சர்க்கரை நோயாளி. அம்மாவுக்கு மழைக்காலம் வந்தாலே இளைப்பு.

தேடத் தொடங்கிய பிறகு எனக்கு ஒன்று புலப்பட்டது. ஃப்ளூ குறித்து நம்மைக் குழப்பும் செய்திகளில் அப்பட்டமான பொய்கள் உண்டுதான். ஆனால் அவற்றைவிட அதிகமாக இருப்பவை, வேறோர் ஊருக்கோ, வேறோர் ஆண்டுக்கோ, வேறொரு வயதினருக்கோ சொல்லப்பட்டு, முகவரி கிழிந்த கடிதத்தைப் போல நம் வாசலில் வந்து விழுந்த உண்மைகள். எனவே ஒரு தகவலைப் படிக்கும்போது யார் சொன்னது என்று பார்ப்பதோடு நான் நிறுத்திக்கொள்வதில்லை. எந்த ஊருக்கு, எந்த ஆண்டில், யாருக்காகச் சொன்னது என்பதையும் பார்க்கிறேன்.

ஊரிலிருந்து தொடங்குகிறேன். குளிர் மிகுந்த நாடுகளில் ஃப்ளூ குளிர்காலத்தில் பரவுகிறது. வட அமெரிக்காவில் அது டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை உச்சம் தொடும், ஆஸ்திரேலியாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை. இந்தியாவில் அது பெரும்பாலும் மழையைத் தொடர்ந்து வருகிறது. புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனமும் அதனோடு இணைந்த ஆய்வகங்களும் 2009-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் திரட்டிய பரிசோதனை முடிவுகளைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டன. டெல்லி, புனே போன்ற நகரங்களில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ உச்சத்தில் இருப்பதையும், ஸ்ரீநகரில் அது ஐரோப்பாவைப் போல ஜனவரி முதல் மார்ச் வரை இருப்பதையும், சென்னையிலும் வேலூரிலும் மட்டும் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து அக்டோபர், நவம்பர் மாதங்களில் உச்சம் தொடுவதையும் அது எடுத்துக்காட்டியது. ஒரே நாட்டுக்குள் மூன்று வெவ்வேறு பருவங்கள். சித்தி சொல்லும் மே மாதம் புனேக்குப் பொருந்துவதும் நமக்குப் பொருந்தாததும் இதனால்தான்.

ஊசி போட்ட பிறகு உடலில் போதிய எதிர்ப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் பிடிக்கும்; அந்த எதிர்ப்பு மாதங்கள் செல்லச் செல்ல மெல்லக் குறையும், முதியவர்களுக்குச் சற்று விரைவாகவே குறையும். மே மாதத்தில் போட்டுக்கொண்ட ஒருவர் நவம்பர் மழையைச் சந்திக்கும்போது அவருடைய பாதுகாப்பில் ஒரு பகுதி கரைந்துபோயிருக்கும். ஆகவே சென்னையில் இருப்பவர்களுக்குச் செப்டம்பர் மாதமும் அக்டோபர் தொடக்கமும் பொருத்தமான காலம் என்பது நான் எட்டிய முடிவு. எங்கள் குடும்ப மருத்துவரும் அதையே சொன்னார். அமெரிக்கப் பரிந்துரையும் இதே மாதங்களைச் சொல்வது தற்செயலான பொருத்தம் மட்டுமே. அதை நம்பி டெல்லிக்காரர் செப்டம்பர் இறுதிவரை காத்திருந்தால் அவர் ஊரின் ஃப்ளூ பருவமே முடிந்துவிட்டிருக்கும்.

பருவம் என்பது நம்பகமான வழிகாட்டிதான், ஆனால் எழுதிக் கொடுத்த உத்தரவாதம் அன்று. 2023 தொடக்கத்தில் எச்3என்2 வகை ஃப்ளூ நாடெங்கும் பரவியபோது தமிழ்நாட்டில் மழைக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அந்த ஆண்டு மார்ச் 10 அன்று மாநிலம் முழுவதும் ஒரே நாளில் 1,000 காய்ச்சல் முகாம்களை அரசு நடத்தியது. ஏதோ காரணத்தால் அக்டோபரைத் தவறவிட்டவர்கள், இனி அடுத்த ஆண்டுதான் என்று விட்டுவிடாமல் நவம்பரிலோ டிசம்பரிலோ போட்டுக்கொள்ளலாம் என்பதற்கு இதுவே போதுமான நியாயம்.

அடுத்தது ஆண்டு. பெரும்பாலான தடுப்பூசிகளைச் சில முறை போட்டுக்கொண்டால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை. ஃப்ளூ மட்டும் ஆண்டுதோறும் வா என்கிறது. எதிர்ப்பு தேய்வது ஒரு காரணம், வைரஸ் தன் மேற்பரப்புப் புரதங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருப்பது இன்னொரு காரணம். இந்த மாற்றத்தைக் கண்காணிக்க 1952 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் வலையமைப்பு ஒன்று இயங்கிவருகிறது. பல நாடுகளின் ஆய்வகங்கள் நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரிகளை ஆராய்ந்து, லண்டன், அட்லாண்டா, மெல்போர்ன், டோக்கியோ, பெய்ஜிங் ஆகிய நகரங்களில் உள்ள கூட்டு மையங்களுக்கு அனுப்புகின்றன. இந்தியாவின் பங்கைப் புனே நிறுவனம் செய்கிறது. ஆண்டுக்கு இருமுறை வல்லுநர்கள் கூடி, பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும், அடுத்த பருவத்தின் ஊசியில் எந்தெந்த வைரஸ்கள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறார்கள். தயாரிப்புக்கு ஏறத்தாழ ஆறு மாதங்கள் பிடிப்பதால் இத்தனை முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த முடிவு நம் கைக்கு வரும் அட்டைப்பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2025-இல் அப்பாவுக்காக வாங்கிய பெட்டியை மெடிக்கல் ஷாப்பின் மேசையிலேயே வைத்து வாசித்தேன். ஏ/விக்டோரியா/4897/2022 என்று ஒரு வரி, ஏ/குரோஷியா/10136ஆர்வி/2023 என்று ஒரு வரி, பி/ஆஸ்திரியா/1359417/2021 என்று ஒரு வரி. முதல் எழுத்து வைரஸின் இனம், அடுத்தது அது கண்டெடுக்கப்பட்ட இடம், பிறகு ஆய்வக எண், கடைசியில் கண்டெடுக்கப்பட்ட ஆண்டு. முதலாவது எச்1என்1, இரண்டாவது எச்3என்2. இதற்கு முந்தைய 2024-25 வடகோளப் பருவத்துக்கான ஊசியில் எச்3என்2 இருக்கும் இடத்தில் ஏ/தாய்லாந்து/8/2022 இருந்தது. ஆகவே காலாவதித் தேதி இன்னும் வரவில்லை என்று கடைக்காரர் பழைய இருப்பைக் கொடுத்தால், அதை இந்த வரி காட்டிக்கொடுத்துவிடும்.

வடகோள ஊசியா, தென்கோள ஊசியா என்று இணையத்தில் பெரும் வாக்குவாதங்கள் நடக்கின்றன. பொதுவாகப் பெட்டியில் 2025/2026 என்று இரண்டு ஆண்டுகள் இருந்தால் அது வடகோளத்துக்கானது, 2025 என்று ஒற்றை ஆண்டு இருந்தால் தென்கோளத்துக்கானது. நாம் நிலவரைபடத்தில் வடகோளத்தில் இருந்தாலும், மே மாதத்தில் ஊசி போடுகிற நகரங்களுக்கு அப்போது புதிதாகக் கிடைப்பது தென்கோள ஊசிதான். செப்டம்பரில் போடுகிற சென்னைக்குப் புதிதாகக் கிடைப்பது வடகோள ஊசி. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கிடைப்பவற்றில் மிகப் புதிய ஊசியையே போடச் சொல்கிறது. 2025-இல் வேடிக்கை என்னவென்றால், முட்டையில் வளர்த்துத் தயாரிக்கும் ஊசிகளைப் பொறுத்தவரை, தென்கோளத்துக்கும் அதையடுத்த வடகோளப் பருவத்துக்கும் பரிந்துரைக்கப்பட்ட மூன்று வைரஸ்களும் ஒன்றே. அந்த ஆண்டு இதற்காகக் கடை கடையாக அலைந்தவர்கள் வீணாக அலைந்தார்கள்.

நான்கு வைரஸ் ஊசி மூன்று வைரஸ் ஊசியைவிட மேலானது என்ற வாதமும் இதைப் போன்றதே. சில ஆண்டுகளுக்கு முன்பு அது சரி. நான்காவதாக இருந்த பி/யமகாட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் இயற்கையாகப் பரவியதாக உறுதிப்படவில்லை. கொரோனாக் காலத்து முடக்கத்தில் அது அழிந்துபோயிருக்கலாம் என்று கருதுகிறார்கள். அதை ஊசியில் சேர்க்க வேண்டிய தேவை இனி இல்லை என்று 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் குழு தெரிவித்துவிட்டது. நான்கு வைரஸ் ஊசியைப் போட்டுக்கொண்டால் தீங்கு ஏதுமில்லை, ஆனால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க இப்போது காரணமும் இல்லை.

ஊசி எவ்வளவு பலன் தரும் என்ற கேள்விக்கு ஒரு தளம் என்ன பதில் சொல்கிறது என்பதை வைத்தே அந்தத் தளத்தை நான் எடைபோடுகிறேன். ஊசியில் உள்ள வைரஸ் ஊரில் பரவும் வைரஸோடு நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில், மருத்துவரை நாட வைக்கும் அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பு 40 முதல் 60 விழுக்காடு வரை குறைகிறது. பொருந்தாத ஆண்டுகளில் இது மிகவும் சரியும். 2014-15 பருவத்தில் அமெரிக்காவில் அது 19 விழுக்காடாக இருந்தது. இந்த எண்ணை வெளியிட்டது ஊசியைப் பரிந்துரைக்கும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே. தனக்குச் சாதகமில்லாத எண்ணையும் தேதியிட்டு வெளியிடுகிற இடத்தை நம்பலாம் என்பது என் கணிப்பு. போட்டால் வரவே வராது என்பவரையும், போட்டால் ஒரு பயனும் இல்லை என்பவரையும் நான் ஒரே வரிசையில்தான் வைப்பேன். ஊசி போட்ட பிறகும் ஃப்ளூ வரலாம். ஆனால் அது நுரையீரலுக்குள் இறங்கி மருத்துவமனை வரை கொண்டுபோகும் வாய்ப்பு குறைகிறது என்பதே, சர்க்கரை நோயுள்ள முதியவர் ஒருவரின் வீட்டில் எங்களுக்கு முக்கியம்.

எண்களைப் பற்றிப் பேசும்போது இந்தியாவின் 2015 கணக்கைக் குறிப்பிட வேண்டும். அந்த ஆண்டு நாட்டில் ஏறத்தாழ 42,000 பேருக்கு, மக்கள் பன்றிக் காய்ச்சல் என்று சொல்லும் எச்1என்1 உறுதியானது, ஏறத்தாழ 3,000 பேர் இறந்தனர் என்பது அரசின் கணக்கு. இதை வகுத்துப் பார்த்து, பன்றிக் காய்ச்சல் வந்தால் நூற்றில் ஏழு பேர் இறப்பார்கள் என்று ஒரு பார்வர்ட் செய்தி அப்போதும் சுற்றியது, ஒவ்வொரு மழைக்காலத்திலும் இப்போதும் சுற்றுகிறது. இரண்டு எண்களும் உண்மை, வகுத்தலும் சரி, முடிவு மட்டும் தவறு. நம் நாட்டு விதிமுறைப்படி ஃப்ளூ அறிகுறி உள்ள எல்லோருக்கும் பரிசோதனை செய்வதில்லை. பெரும்பாலும் நோய் முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்படுபவர்களுக்கே செய்கிறார்கள். வீட்டில் கஞ்சி குடித்துப் படுத்திருந்து எழுந்துவிட்ட லட்சக்கணக்கானோர் அந்த 42,000-க்குள் இல்லை.

மத்திய சுகாதார அமைச்சகத்தின் அந்த வழிகாட்டுதல், ஊசியைப் பற்றிய எந்தக் கட்டுரையையும்விட வீட்டுக்குப் பயன்படுவது என்பதால் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். அது நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டைவலி, உடல்வலி மட்டும் இருந்தால் ஏ. பரிசோதனையும் வேண்டாம், வைரஸ் மருந்தும் வேண்டாம், வீட்டில் ஓய்வெடுத்து, ஓரிரு நாளில் எப்படி இருக்கிறது என்று மருத்துவரிடம் காட்டினால் போதும். கடுங்காய்ச்சலும் கடும் தொண்டைவலியும் இருந்தாலோ, அறிகுறி லேசாக இருந்தாலும் நோயாளி சிறு குழந்தை, கர்ப்பிணி, 65 வயது கடந்தவர், அல்லது சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரகம் போன்ற நோய் உள்ளவராக இருந்தாலோ பி. இவர்களுக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மருத்துவர் ஒசெல்டமிவிர் தரலாம், அந்த மருந்து முதல் இரண்டு நாட்களுக்குள் தொடங்கினால் நன்கு வேலை செய்யும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், சளியில் இரத்தம், நகங்கள் நீலம் பூப்பது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் சி, உடனே மருத்துவமனை. அப்பாவுக்கு லேசான இருமலோடு காய்ச்சல் வந்தாலே அவர் பி என்பதை அறிந்திருப்பதால், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழுவதில்லை. சென்னையில் இதே மாதங்களில் டெங்குவும் இருக்கும். எந்தக் காய்ச்சல் என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலிமாத்திரையைத் தொடுவதில்லை.

காய்ச்சல் என்றதும் கடையில் அசித்ரோமைசின் கேட்டு வாங்கும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் இந்திய மருத்துவச் சங்கமே அறிக்கை விட்டு, பருவக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்றது. அம்மா வைக்கும் சித்தரத்தை, மிளகுக் கஷாயத்தோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை. தொண்டைக்கு அது இதமாகத்தான் இருக்கிறது. ஊசிக்குப் பதிலாக அதைச் சொல்லும்போதுதான் நான் மறுக்கிறேன்.

ஊசி போடும் இடத்தில் நான் கவனிப்பது குளிர்பதனத்தை. இந்த ஊசி 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் இருக்க வேண்டும். உறைந்துபோனாலும் கெட்டுவிடும், ஆகவே ஃப்ரீசரை ஒட்டி வைக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு நகரத்தின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்ததை நினைத்தால், ஜெனரேட்டர் இருக்கிறதா என்று மருந்துக்கடைக்காரரிடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. நாங்கள் போகும் கிளினிக்கில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, காலை மாலை வெப்பநிலையைப் பேனாவால் குறித்திருக்கிறார்கள். செவிலியர் அரை மில்லி நிரப்பிய சிரிஞ்சை எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்திருந்து, அப்பாவின் இடக்கைச் சட்டையை மேலேற்றச் சொன்னார்.

“இதைப் போட்டுக்கொண்டு எனக்கே காய்ச்சல் வந்துவிட்டால் என்னம்மா செய்வது?” என்று அப்பா கேட்டார்.

“இதில் இருப்பது உயிரில்லாத வைரஸ் சார், ஃப்ளூவைத் தராது. கை வலிக்கும், ஒரு நாள் உடம்பு லேசாகச் சுடலாம். அதற்குமேல் இருமல், சளி என்று வந்தால் அது வேறு எங்கிருந்தோ வந்தது” என்றார் அவர். கால் மணி நேரம் உட்கார வைத்து, பெட்டியிலிருந்த தொகுதி எண் ஒட்டுவில்லையை அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்.

நரம்புகளைப் பாதிக்கும் கில்லன் பாரே நோயைப் பற்றிய அச்சமும் அடிக்கடி எழுகிறது. அது முற்றிலும் கற்பனை அன்று. பத்து லட்சம் ஊசிக்கு ஒன்றிரண்டு பேருக்குக் கூடுதலாக வரலாம் என்பது ஆய்வுகளின் மதிப்பீடு, ஃப்ளூ நோயாலேயே அது வரும் வாய்ப்பு அதைவிட அதிகம். முன்பு அந்த நோய் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்வது நல்லது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் போட முடியாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டுதோறும் போடச் சொல்கிறது குழந்தை மருத்துவர்கள் சங்கம். ஒன்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. நிமோகாக்கல் ஊசி, அதாவது மக்கள் நிமோனியா ஊசி என்பது, வேறு. ஒன்றைப் போட்டதால் மற்றது தேவையில்லை என்று ஆகாது.

நம்பகமான தகவலுக்கு நான் போகும் இடங்கள் குறைவு. நாட்டின் நிலவரத்துக்குத் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தளம், உலக நிலவரத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஃப்ளூநெட், மாநில அறிவிப்புகளுக்குப் பொது சுகாதாரத் துறை, இணையம் பழகாத உறவினர்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண். நாளிதழ்களில் மர்மக் காய்ச்சல் என்ற தலைப்பைப் பார்த்தால், பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை என்று மட்டும் எடுத்துக்கொண்டு, சில நாட்கள் கழித்துத் திரும்பத் தேடுகிறேன்.

இத்தனையும் ஊசியை விலை கொடுத்து வாங்க முடிந்தவர்களுக்கான பேச்சு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இல்லை. தனியாரிடம் ஆயிரக்கணக்கில் செலவாகிறது, அதுவும் ஆண்டுதோறும். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கும் சர்க்கரை நோய் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகள் அவர் வீட்டுக்கே வருகின்றன. அப்பாவுக்கு ஊசி வேண்டும் என்று மருத்துவர் சொன்ன காரணங்கள் எல்லாம் அவருக்கும் அப்படியே பொருந்தும். வீடு தேடி வரும் பணியாளர்களிடம் சர்க்கரை நோயாளிகளின் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. புதன்கிழமைதோறும் குழந்தைகளுக்கான தடுப்பூசிகளைக் குளிர்பெட்டியில் எடுத்துச் செல்லும் ஏற்பாடும் இருக்கிறது. செப்டம்பர் மாதத்தில், வடகிழக்குப் பருவமழை அதிகம் பெய்யும் சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில், அறுபது வயதைக் கடந்த சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டுமாவது இதைத் தொடங்கலாம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கினால், கடையில் நாங்கள் கொடுக்கும் விலையை அரசு கொடுக்க வேண்டியிருக்காது.